கடன் கணக்கும் முதல் சம்பளமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உயிர்வேதியியல் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். பிறகு லேட்டரல் என்ட்ரியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இப்போது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் நொதித்தல் பிரிவில் வேலை பார்க்கிறேன். "எனக்கென்ன சார் தகுதி?" என்றேன். "உங்க ஃபாக்டரியில எங்க பிள்ளைங்கதானே வேலை பாக்குறாங்க? அவங்க என்ன சம்பாதிக்கிறாங்க, எப்படிக் கடன் கட்டுறாங்கன்னு சொல்லுங்க, போதும்" என்றார். அதனால் இன்று உங்களுக்கு அறிவுரை எதுவும் கிடையாது. ஒரே ஒரு கணக்கு. பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். நம்மைப் போன்ற பழைய கல்லூரிகளில் கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் பெரும்பாலும் அரசு உதவி பெறும் பிரிவில் இருக்கின்றன. அங்கே கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவை பின்னால் வந்த பாடங்கள். பல கல்லூரிகளில் அவை சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன. ஒரே காம்பவுண்டு, ஒரே கேன்டீன், ஒரே பேருந்து நிறுத்தம். ஆனால் வேதியியல் படிக்கிற பையன் வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டணம் கட்டிவிடலாம். உயிர்வேதியியல் படிக்கிற பெண் வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. விடுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வங்கிக் கடன் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001-இல் வந்தது. அதன்படி 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, நம் பங்காக முன்பணம் போடவும் தேவையில்லை. நிலமோ வீடோ இல்லாத எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவானது இந்தக் கடனால்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, இது மாணவரின் கடன் மட்டுமல்ல. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார். தவணை 90 நாள் தவறினால் அது வாராக் கடன் கணக்குக்குப் போகும். உங்கள் பெயர் மட்டுமின்றி அப்பாவின் பெயரும் கெடும். நாளைக்குத் தங்கையின் படிப்புக்கோ, வீடு கட்டவோ அவர் அதே வங்கியில் போய் நிற்க வேண்டியவர்.

இரண்டு, படிக்கும் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் வேண்டாம், வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காலத்தில் அது தனிவட்டி. கட்டாமல் விட்டால் கடைசியில் அசலோடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி.

மூன்று, வட்டி மானியம். 2009-இல் வந்த மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னால் உள்ள கல்லூரிகளின் பட்டியலுக்கு மட்டும். நம் பி.எஸ்ஸி. எதில் வரும், எதில் வராது என்று வங்கியிலும் கல்லூரி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மானியம் வரும் என்று கணக்கில் எழுதாதீர்கள். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மாணவி மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 3 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம். வட்டி 10 சதவீதம். வங்கிக்கு வங்கி கொஞ்சம் கூடும் குறையும், கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இதை எடுத்திருக்கிறேன். தவணை தொடங்குவது நாலு ஆண்டு கழித்து. முதல் லட்சத்துக்கு நாலு ஆண்டு வட்டி 40,000. இரண்டாவது லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 30,000. மூன்றாவதற்கு 20,000. ஆக 90,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3 லட்சம் இல்லை, 3 லட்சத்து 90 ஆயிரம்.

இதை 5 ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 8,290 ரூபாய். 10 ஆண்டில் கட்டினால் 5,150. 15 ஆண்டில் கட்டினால் 4,190. கடைசித் தொகை சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 15 ஆண்டில் மொத்தம் கட்டுவது ஏழரை லட்சத்துக்கு மேல். வாங்கியது 3 லட்சம்.

சரி, அந்தப் பக்கம் வரவு என்ன? எங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பி.எஸ்ஸி. முடித்துச் சேர்கிறவர்களைப் பார்க்கிறேன். ஆலத்தூர், புதுச்சேரி, ஹைதராபாத் ஜீனோம் வேலி என்று நண்பர்கள் வேலை பார்க்கும் இடங்களிலும் விசாரிக்கிறேன். கைக்கு வருவது 15,000, 16,000, நல்ல இடமாக இருந்தால் 20,000. அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் இன்னும் குறைவு. 2019 விதிகளில் பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். மருத்துவமனை ஆய்வகம் போகலாம் என்றால், பல இடங்களில் டி.எம்.எல்.டி. இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியர் வேலை என்றால், உயிர்வேதியியல் பட்டம் வேதியியலுக்குச் சமமாக ஏற்கப்படுமா என்பதை அரசாணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் பி.எட். சேர வேண்டும்.

16,000 என்றே வைத்துக்கொள்வோம். வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு 8,000. பஸ், போன், சோப்பு, சீப்பு 1,500. மிச்சம் 6,500. பத்தாண்டுத் தவணை 5,150 போனால் கையில் 1,350. வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கவில்லை. காய்ச்சல் வரவில்லை.

இங்கேதான் ஒரு இன்ஜினீயரின் பார்வையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைக்கு ஒரு நொதிக்கலன் வாங்குகிறோம் என்றால், தினமும் எந்த அழுத்தத்தில் ஓடப் போகிறதோ அதற்கு மட்டும் அதைச் செய்யச் சொல்லமாட்டோம். அதைவிடக் கூடுதலான அழுத்தத்தைத் தாங்கும்படி வடிவமைப்போம். அதையும் தாண்டினால் தானாகத் திறந்துகொள்ள ஒரு சேஃப்டி வால்வு வைப்போம். ஆனால் குடும்பத்தில் கடன் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "படிச்சு முடிச்சா நல்லா சம்பாதிப்பா" என்று பத்து வருஷம் கழித்து வரப்போகும் சம்பளத்தை மனசில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். தவணை கேட்கப்போவது முதல் வருஷச் சம்பளத்தில். கடனை அந்த முதல் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரிதான் அளக்க வேண்டும்.

உயிர்வேதியியலுக்கு இது மற்றப் படிப்புகளைவிட முக்கியம். ஏனென்றால் இந்தப் படிப்பில் வருமானம் ஏறும் விதமே வேறு. பி.எஸ்ஸி.யோடு நின்றால் தொடக்கமும் சிறியது, ஏற்றமும் மெதுவானது. எம்.எஸ்ஸி. முடித்து, அதுவும் நல்ல ஆய்வகத்தில் செய்முறை பழகி வந்தால் கதவுகள் திறக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. பி.எஸ்ஸி. முடித்த கையோடு வாங்கும் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எல்லாருக்கும் கிடைக்காது, கடுமையான போட்டி. அது கிடைக்காவிட்டாலும் எம்.எஸ்ஸி.காரருக்கு ஆராய்ச்சித் திட்டங்களில் பணி உண்டு, கம்பெனிகளில் மேல்படியில் தொடக்கம் உண்டு. ஆக இந்தப் படிப்பின் பலன் ஐந்தாவது ஆண்டுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கடன் அதற்கு முன்பே, நாலாவது ஆண்டின் முடிவில் கதவைத் தட்டுகிறது.

எனக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் நம் கல்லூரி, நம் உயிர்வேதியியல் துறை, ஒரே வகுப்பு. பெயர் வேண்டாம்.

ஒருவர் விசைத்தறித் தொழிலாளியின் மகள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவர். கடன் ஏறக்குறைய நான் சொன்ன கணக்குத்தான். வட்டியைப் பற்றி அந்த வங்கிக் கிளையில் யாரும் விளக்கவில்லை. படிப்பு முடிந்து கணக்கைப் பார்த்தபோதுதான் தொகை தெரிந்தது. ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. கட்டணம் குறைவுதான். ஆனால் இரண்டு ஆண்டு வருமானம் இருக்காது. மேற்படிப்புக்குப் போனால் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம் என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அந்த வருஷம் வேலை சரியில்லை. அவர் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்துவிட்டார்.

இன்னொருவர் பையன். அப்பா மளிகைக் கடையில் வேலை. இவருக்கும் கடன் உண்டு, ஆனால் விடுதியில் சேராமல் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போனதால் தொகை பாதி. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து மாதா மாதம் வட்டியைக் கட்டிவந்தார். எம்.எஸ்ஸி.க்கு அரசுப் பல்கலைக்கழகம். இரண்டாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப். இப்போது முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டம்.

இதைக் கேட்டுவிட்டு "பையன் ஜெயித்தான், பெண் தோற்றாள்" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் இன்று குழுத் தலைவர். கடனை முடித்துவிட்டார். தம்பியை டிப்ளமோ படிக்க வைத்தார். இன்றைய தேதிக்கு அவர் சம்பளம்தான் அதிகம். மெடிக்கல் கோடிங் கௌரவமான வேலை. உடலியங்கியலும் நோய்களின் பெயரும் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் போனில் பேசும்போது ஒருமுறை சொன்னார்: "அண்ணா, இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனா நான் இதைத் தேர்ந்தெடுக்கல. என் கடன் தேர்ந்தெடுத்துச்சு."

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வட்டி போனால் போகிறது, சம்பாதித்துக் கட்டிவிடலாம். இருபத்தோரு வயதில் இரண்டு வழி முன்னால் இருக்கும்போது, ஒரு வழியைக் கடன் அடைத்துவிடுகிறதே, அந்த நஷ்டம் எந்த வங்கிப் புத்தகத்திலும் வராது.

அப்படியானால் எவ்வளவு வாங்கலாம்? நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு ஒன்று சொல்கிறேன். முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. 16,000-க்கு அது 3,200. பத்தாண்டு, 10 சதவீதம் என்றால் இந்தத் தவணை தாங்கும் கடன் சுமார் 2,40,000. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் நீங்கள் 2,40,000 வரை கடன் வாங்கலாம். வட்டியைக் கட்டாமல் விட்டால் 1,85,000-த்தோடு நிறுத்த வேண்டும். மிச்சத்தை வட்டி நிரப்பிவிடும். ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். இரண்டு ட்யூஷன் பிள்ளைகள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் வரை வட்டியில் சலுகையும் தருகின்றன. பெண்களுக்குத் தனிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் முதலில் அங்கே போடுங்கள்.

தேவை அந்த அளவை மீறினால், கடனைக் கூட்டுவதற்கு முன் செலவைக் குறைக்க வழி பாருங்கள். பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் இதே பாடம் இருக்கிறதா? அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் தொடங்கப்பட்டன. மூன்று ஆண்டில் அது 36,000. வட்டிக்கு அப்படியே ஒதுக்கினால் பாதிக் கவலை போயிற்று. "தேர்தல் வருது, தள்ளுபடி பண்ணிடுவாங்க" என்று தவணையை நிறுத்துகிறவர்களையும் பார்க்கிறேன். தள்ளுபடி வருமோ வராதோ, கெட்ட பெயர் நிச்சயம் வரும்.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலேயே ஜாம் தேர்வுக்குத் தயாராகுங்கள். ஐ.ஐ.டி.க்கள் நடத்துவது. உயிரித் தொழில்நுட்பத் தாளும் எழுதலாம், வேதியியல் தாளும் எழுதலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுதான் வழி. அங்கே படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. எம்.எஸ்ஸி.க்கும் லட்சக்கணக்கில் கடன் வாங்கி எந்தப் பெயர் தெரியாத இடத்திலாவது சேர்வதைவிட, ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி தேர்வு எழுதுவது மேல். "வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்து அரை லட்சம் கேட்கும் குறுகியகாலப் பயிற்சிகளிடம் ஜாக்கிரதை; போன வருஷம் அங்கே படித்தவர் இருவரிடம் நேரில் பேசாமல் பணம் கட்டாதீர்கள். மேற்படிப்புக்குப் போகும்போது பழைய கடன் வங்கிக்குப் போய், சேர்க்கைக் கடிதத்தை இணைத்து, தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்கக் கோரி மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் எங்களுக்காகவும் ஒரு வார்த்தை. உயிர்வேதியியல் மாணவர்கள் பாஸ்பரஸ் அளவறியும் சோதனை செய்திருப்பீர்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை, 1925-இல் வெளிவந்தது. அந்தச் சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், யெல்லப்பிரகட சுப்பாராவ். 1920-களில் அவர் கப்பலேறி பாஸ்டன் போனது மாமனார் உதவியிலும் ஓர் அறக்கட்டளையின் உதவியிலும்தான். போன பிறகும் வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்தார். பிறகு ஃபோலிக் அமிலம், மெதோட்ரெக்சேட் என்று அவர் ஆய்வால் உலகத்துக்குக் கிடைத்தவற்றை நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்கள். அவ்வளவு பெரிய மேதைக்கும் தொடக்கத்தில் யாரோ சிலர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் பாடத்திலேயே சொல்வதானால், வினை நடக்கக் கிளர்வு ஆற்றல் தேவை. அதைக் குறைத்துக் கொடுப்பதுதான் நொதியின் வேலை.

நம் சங்கம் இதுவரை நுழைவு வளைவு கட்டியிருக்கிறது, குடிநீர் இயந்திரம் வாங்கியிருக்கிறது. நல்ல காரியங்கள். இனி இரண்டு சேர்த்துச் செய்வோம். ஒன்று, வட்டி நிதி. 3 லட்சம் கடன் வாங்கிய ஒரு மாணவருக்கு நாலு ஆண்டு வட்டி 90,000. பத்து மாணவர்களுக்கு 9 லட்சம், அதுவும் நாலு ஆண்டில் பிரித்து. இங்கே இருக்கிற கூட்டத்துக்கு இது முடியாத தொகை இல்லை. என் பங்காக ஒரு மாணவரின் முழு வட்டியை இன்றே ஏற்றுக்கொள்கிறேன். பொருளாளர் ரசீது போட்டுவிடலாம்.

இரண்டாவதற்குப் பணமே வேண்டாம். ஒரு பதிவேடு. ஒவ்வொரு முன்னாள் மாணவரும் தன் துறை, முடித்த ஆண்டு, வாங்கிய கடன், முதல் வேலை, முதல் மாதம் கைக்கு வந்த சம்பளம் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் எழுதி வைப்போம். விளம்பரப் பலகையில் போடும் அதிகபட்சச் சம்பளத்தை எல்லாக் கல்லூரியும் சொல்லும். சாதாரணப் பிள்ளையின் முதல் சம்பளம் என்ன என்று உண்மையாகச் சொல்கிற கல்லூரியாக நம் கல்லூரி இருக்கட்டும். அடுத்த ஜூன் மாதம் மகளைச் சேர்க்க வரும் ஒரு விசைத்தறித் தொழிலாளி, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன் ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். வேதியியல் 2010 என்று முதல் வரி ஏற்கெனவே எழுதியாயிற்று.